247 மார்க்குக்கு எங்கே சேர்க்கலாம்?

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். நாங்க காசிமேடு. எங்க அக்கா பையன் அரசுப் பள்ளியில பிளஸ் டூ பாஸ், 600க்கு 247. மேத்ஸ்-பயாலஜி குரூப். படகு எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எதுல கோளாறுன்னு சொல்லிடுவான், கையெல்லாம் கிரீஸ். அதனால பாலிடெக்னிக்ல நேரடி ரெண்டாம் வருஷம் மெக்கானிக்கல் சேர்க்கலாமான்னு பார்க்கிறேன். டிப்ளமோ முடிச்சா பி.இ. ரெண்டாம் வருஷத்துக்கும் போகலாமே. அக்காவுக்கு வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில ஒரு டிகிரி வாங்கினா போதும். ஒரு புரோக்கர் நன்கொடை கேட்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிக் கட்டாதீங்க. அரசுக் கல்லூரியிலயோ பாலிடெக்னிக்லயோ சேர்ந்தா தமிழ்ப் புதல்வன்ங்கிற அரசு உதவித்தொகைத் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும், அது அவங்களுக்குப் பெரிய தொகை. இந்த மாதிரி மார்க்ல பிள்ளைங்களைச் சேர்த்தவங்க இருந்தா, எந்தக் காலேஜ்ல எந்தப் பிரிவு கிடைச்சதுன்னு சொல்லுங்க. ஐ.டி.ஐ. அனுபவம் இருந்தாலும் எழுதுங்க.