6 மாதக் குழந்தைக்குக் கஞ்சியில் சீரகம், கறிவேப்பிலை எப்படிச் சேர்ப்பது? உரை மருந்தும் தரலாமா?

செல்லக்கிளி அம்மா:
பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்தது. பச்சரிசி, பாசிப்பருப்புக் கஞ்சி நன்றாக ஒத்துக்கொள்கிறது. சீரகம், கறிவேப்பிலை, மல்லித்தழை இவற்றில் எதை முதலில், எவ்வளவு சேர்க்கலாம்? அத்தை வசம்பும் ஜாதிக்காயும் தேனில் உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். ஓமத்தண்ணீரும் கொடுக்கலாமா?

அடுப்படி அக்கா:
சீரகத்தில் ஆரம்பிங்க தங்கச்சி. வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியதும் பொடித்து, மெல்லிய துணியில் சலிச்சுக்கோங்க. ஒரு சின்னக் கிண்ணம் கஞ்சிக்கு ஒரு சிட்டிகை போதும். கஞ்சி கொதிக்கும்போதே போடணும். இறக்கியபின் மேலே தூவினால் பொடி தொண்டையில் ஒட்டிப் புரையேறும்.

காலையில் கொடுங்க, தடிப்போ வாந்தியோ வந்தால் பகலிலேயே கண்ணில் படும். மூன்று நாளைக்கு வேறு புதுசு எதுவும் வேண்டாம். இரண்டைச் சேர்த்துப் போட்டால் எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்க முடியாது.

கறிவேப்பிலை நாலைந்து இலையைத் துணியில் முடிந்து வேகவைத்து, முடிச்சை எடுத்துடுங்க. முழு இலை தொண்டையில் அப்பிக்கும். மல்லித்தழையில் மண் இருக்கும், மூன்று தண்ணீர் அலசி வேகவைத்துத்தான் சேர்க்கணும். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம்.

மருந்துப்பெட்டி:
உரை மருந்து வேண்டவே வேண்டாம், சகோதரி. சமையலில் சிட்டிகை என்று ஒரு கணக்கு உண்டு. கல்லில் உரைக்கும்போது கையின் அழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறும். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நஞ்சு இருக்கிறது. ஜாதிக்காய் கொடுத்ததும் குழந்தை அசந்து தூங்கினால் வயிறு சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம், அதில் உள்ள மிரிஸ்டிசின் தரும் மயக்கமாகவும் இருக்கலாம். சரியாகக் கழுவாத கல்லில் இருந்து வயிற்றுப்போக்கு வரும். படுக்கவைத்துப் பாலாடையில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

தேன் ஒரு வயதுக்குள் ஒரு சொட்டும் கூடாது. அதில் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும், வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தாலும் சாகாது. குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகைச் சத்தம் மெலியும், பால் உறிஞ்ச முடியாது, கழுத்து துவளும்.

கற்பூரம் வலிப்பை வரவழைக்கும். பெருங்காயம் உள்ளுக்குக் கொடுத்துக் கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாய்ந்ததும் உண்டு. வசம்பு வளையலும் வேண்டாம், நூல் அறுந்தால் துண்டு வாய்க்குத்தான் போகும்.

அடுப்படி அக்கா:
ஓமத்தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைச்சுடும், அதைத் தினப்படி பழக்கமாக்காதீங்க. வீட்டில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால், கஞ்சியில் வெந்தயம் சேர்ப்பதற்கு முன்னால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கோங்க. இரண்டும் ஒரே பயறுக் குடும்பம்.

மருந்துப்பெட்டி:
வாயைச் சுற்றி லேசான சிவப்பு மட்டும் என்றால் அந்தப் பொருளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு வீக்கம், மூச்சில் இழுப்பு, விடாத வாந்தி வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108.