குடியொப்படை: என்கொமியெந்தாவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

என்கொமியெந்தா (encomienda) என்பது ஸ்பானிய அரசர் தம் அமெரிக்கக் குடியேற்றங்களில் படைத்தலைவர் முதலியோருக்குப் பழங்குடி மக்களை ஒப்படைத்த ஏற்பாடு. பாடநூலுக்காக அதற்கொரு தமிழ்ச்சொல் தேடியபோது எழுந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> 'நிலக்கொடை' போதாதா? படைத்தலைவர்களுக்கு அரசர் ஊர்களைக் கொடுத்தார், அவ்வளவுதானே?

ஐயா, சிக்கலே அங்கேதான். இதில் நிலம் கைமாறவில்லை. இன்ன தலைவனின் கீழுள்ள குடிகள் உன் பொறுப்பு என்பதே பட்டயத்தின் சாரம். அவர்கள் கட்டும் திறை பட்டயம் பெற்றவருக்கு. பதிலுக்கு அவர் கிறித்தவம் போதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், அரசர் அழைத்தால் ஆயுதத்தோடு வரவேண்டும். அசியெந்தா என்ற பெரும்பண்ணைதான் நில உடைமை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பாடநூல் குழம்பும்.

> அப்படியென்றால் 'ஜாகீர்'? அதுவும் வருவாய் உரிமைதான்.

நெருங்கிய இனம்தான். ஆனால் முகலாய ஜாகீர்தாரரைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுவார்கள். இங்கே 1536 விதிப்படி பெற்றவர், பின் ஒரு வாரிசு என இரண்டு ஆயுள். 1542இன் புதிய சட்டங்கள் வாரிசுரிமையில் கைவைத்ததும் பெருவில் பட்டயம் பெற்றவர்களில் ஒருவரான கொன்சாலோ பிசாரோ கலகத்தில் இறங்கினார். அந்த விதியை 1545இல் அரசர் திரும்பப் பெற்றும் கலகம் அடங்கவில்லை. 1546இல் அரசப் பிரதிநிதி நூனியெஸ் வேலா போரில் கொல்லப்பட்டார்.

'ஊழியக்கொடை'யும் பொருந்தாது. திறைக்கு ஈடாக உடலுழைப்பு வாங்குவதை 1549 ஆணை தடுத்தது. ஆனாலும் பராகுவே போன்ற சில இடங்களில் உழைப்பே நெடுநாள் நீடித்தது. ஆகவே உழைப்பையோ திறையையோ சொல்லுக்குள் பூட்டக்கூடாது. ஸ்பானிய வேரின் பொருள் 'ஒப்படைத்தல்'. என் பரிந்துரை: குடியொப்படை. பெற்றவர் ஒப்படைதாரர் ('தாரர்' பாரசீகம் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், குத்தகைதாரர் இருக்கிறார்).

> குடியொப்படை சரி.

ஒரு எச்சரிக்கை. இலங்கைப் பள்ளிகளில் 'ஒப்படை' என்றால் மாணவர் எழுதிக்கொடுக்கும் பயிற்சி. தமிழ்நாட்டு வருவாய்த்துறையிலோ 'நில ஒப்படை' உண்டு. நாம் தவிர்க்க நினைத்த நிலம் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். 'குடி' இல்லாமல் தனியே ஆளவேண்டாம். ஒலிபெயர்ப்பில் 'ண்டா'வும் வேண்டாம், அங்கே ஒலிப்பது தகரம்.

கூடவே இரண்டு சொல் தேவை. ஊருக்கு இவ்வளவு என விதிப்பது 'திறைவிதிப்பு'; ஆட்களை மீண்டும் எண்ணுவது 'மறுகணக்கு'. கொள்ளைநோயில் பாதி ஊர் மடிந்தாலும் மறுகணக்கு வரும்வரை பழைய தொகைதான். செத்தவர் பங்கையும் இருப்பவரே கட்டினார்கள். 'வரி' என்று பொதுவாக எழுதினால் இந்தக் கொடுமை கண்ணில் படாது.

மித்தா என்ற சுழற்சிக் கட்டாய உழைப்பை இதில் சேர்க்காதீர்கள். ஆண்டீஸ் மக்களின் கெச்சுவா மொழியில் அதற்கு 'முறை' என்றே பொருள். 1573இல் பெருவின் அரசப் பிரதிநிதி தொலேதோ பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு வகுத்த ஏற்பாட்டில், குறித்த மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் போகவேண்டும். கோயில் முறைகாரர் நமக்குப் பழக்கம், 'முறைவேலை' எப்படி?