குவிமாடத் திரைக்கான படத்தொகுப்பு: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கோளரங்கத்தின் குவிமாடத் திரைக்காக 20 நிமிட ஆவணப்படம் ஒன்றைத் தொகுத்து வருகிறேன். இதுவரை தட்டையான திரைக்கு மட்டுமே வேலை செய்தவன் என்பதால், என் பழக்கங்கள் பலவும் இங்கே எனக்கு எதிராகவே திரும்புகின்றன.

பெரிய சிக்கல் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்த காட்சிகளில் வருகிறது. நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தில், 20 மீட்டர் அகலத் திரையை ஒரு பொருள் 4 நொடிகளில் கடந்தால், சட்டகத்துக்குச் சட்டகம் அது 20 செ.மீ.க்கும் மேலாகத் தாவுகிறது. கணினியில் வழுக்கிக்கொண்டு போன அதே காட்சி, அரங்கில் வெட்டி வெட்டித் துடித்தது. இத்தகைய பெருந்திரைகளுக்கான ஐமாக்ஸ் பிலிமில் ஒரு சட்டகத்துக்கு ஓரத்துத் துளைகளில் 15 துளைகளின் நீளம் செலவாவதால் 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 3 நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்கள் நிதானமாக யோசித்தே படமெடுத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

இத்தகைய காட்சிகளை 60 சட்டகங்களில் மீண்டும் எடுப்பதா, அல்லது இயக்க மங்கலை (நகரும் பொருள் மங்கித் தெரிவதை) கூட்டிச் சமாளிக்கலாமா? பார்வையாளர் தலையைத் திருப்பித் தேடுவதற்கு ஒரு ஷாட்டுக்குக் குறைந்தது எத்தனை நொடிகள் தருகிறீர்கள்? குவிமாடத்தின் ஒரு பக்கத்து வெள்ளைப் பனிக்காட்சி எதிர்ப்பக்க இருளின் மீது பிரதிபலித்து அதை வெளுக்கச் செய்வதை, வண்ணத்திருத்தத்தின்போதே எப்படிக் கணிக்கிறீர்கள்? அரங்கம் சோதனைக்குக் கிடைப்பது அரிது என்பதால், வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடியில் பார்த்து முடிவெடுத்தவர்கள் அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்றும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.