ஈஸ்ட்ரோஜன் ஏறுனது மூளைக்கு எப்டி தெரியுது?

வியாசர்பாடி_பொண்ணு: முட்டை வளர வளர ஈஸ்ட்ரோஜன் ஏறும், அப்றம் மூளையே சிக்னல் குடுக்கும்னு ஸ்கேன்ல சொன்னாங்க. ஓவரில (சினைப்பையில) சுரக்குறது மூளைக்கு எப்டிக்கா தெரியும்?

காசிமேடு_அக்கா: ரத்தத்துல போவுதும்மா. மூளையோட அடிப்பகுதி ஹைப்போதலாமஸ்ல, ஜிஎன்ஆர்எச்ங்குற ஹார்மோன சுரக்குற செல்லுதான் அதுக்குக் கீழ இருக்க பிட்யூட்டரி சுரப்பிய கிளப்பி வுடும், ஆனா அதுல ஈஸ்ட்ரோஜனுக்கான ஆல்ஃபா ரிசப்டர் (ஹார்மோன் வந்து ஒட்டுற எடம்) இல்ல, அதனால கிஸ்பெப்டின்ங்குற இன்னொரு சிக்னல சுரக்குற செல்லுங்கதான் உணர்ந்து அதுக்கு சொல்லுது. இந்த கிஸ்பெப்டினோட ரிசப்டர் கெட்டுப்போனா வயசுக்கு வர்றதே நின்னுடும்னு 2003லதான் தெரிஞ்சுது.

தண்டையார்பேட்ட_லேப்: கம்மியா இருக்கப்ப ஈஸ்ட்ரோஜன் மூளைய அடக்கும், ரெண்டு நாள் போல உச்சத்துல நின்னா அப்டியே திரும்பி பிட்யூட்டரி சுரக்குற எல்எச் ஹார்மோன பொங்க வைக்கும், அதான் எனக்கு பெரிய ஆச்சரியம், பொங்க ஆரம்பிச்சு சுமார் 36 மணி நேரத்துல முட்டைப்பை வெடிச்சு முட்டை வெளிய வரும்.

வியாசர்பாடி_பொண்ணு: யூரின் ஸ்ட்ரிப்ல பாக்குறது அந்த எல்எச்சா?

காசிமேடு_அக்கா: அதேதாம்மா.