வெல்டிங் முடிந்து இரண்டு மணித்தியாலம், இப்போது புகை மணம். அவசரம்

சம்மாந்துறை_மில்: எலிவேட்டர் தகரத்தில் ஓட்டை. காலையில் ஒட்டு வைத்து வெல்டிங் அடித்தோம், ஒன்றும் பற்றவில்லை. சாப்பிட்டு வந்தால் புகை மணக்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

மட்டுநகர்_பட்டறை: நெல் மில்லா, மர மில்லா தம்பி? கீழே இருந்ததை அள்ளிவிட்டா அடித்தீர்கள்?

ஏறாவூர்_நானா: வெல்டிங் கரண்ட் திரும்பும் ஏர்த் கிளாம்ப் எங்கே மாட்டினீர்கள்? தூரத்தில் மாட்டினால் கரண்ட் பெயரிங் வழியாகப் போய்ச் சூடேற்றும். நான் எப்போதும் சொல்வது இதுதான்.

பழைய_போர்மன்: எலிவேட்டர் என்றால் நெல்லை மேலே தூக்குவது, மர மில்லா என்று கேள்வி. மாதம் ஒருவர் இதே கதையோடு வருகிறார், பழைய இழைகளை யாரும் வாசிப்பதில்லை. பொறி 10 மீற்றர் தாண்டியும் ஓடும். வேலை முடிந்த பிறகு அரை மணித்தியாலம் காவல் என்றிருந்ததை அமெரிக்காவின் வெல்டிங் தீப் பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 51பி, 2019 பதிப்பில் ஒரு மணித்தியாலமாக்கியது. நீங்கள் சோற்றுக்குப் போய்விட்டீர்கள்.

கல்முனை_சேஃப்டி: ஏச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தம்பி, தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு மெயினை நிறுத்துங்கள். எலிவேட்டரையோ புளோவரையோ போட வேண்டாம், தணலை மேலே ஏற்றிவிடும். தூசி கிளம்பினால் வெடிக்கவும் கூடும். அடிக் குழியில் உமி கிடக்கிறதா? உமி சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனலும், மேலே நிறம்கூட மாறாது. குழிக்குள் தலையை விடாதீர்கள், அந்தப் புகை ஆளைச் சாய்க்கும். தண்ணீரை ஹோஸால் பீய்ச்சாமல் மெதுவாகத் தெளியுங்கள்.

ஏறாவூர்_நானா: தீயணைக்கும் சிஓ2 சிலிண்டர் ஒன்று அடித்தால் முடிந்தது.

மட்டுநகர்_பட்டறை: சுவாலை போகும், தணல் ஆறாது நானா. கொஞ்ச நேரத்தில் திரும்பப் பிடிக்கும்.

பழைய_போர்மன்: வறண்ட கச்சான் காற்று வீசும்போது மில்லில் வெல்டிங்கே அடிக்கக் கூடாது.

மட்டுநகர்_பட்டறை: அப்போ மாரி வரும்வரை மில்லைப் பூட்டி வைப்பதா? சிறுபோக நெல்லை உங்கள் வீட்டு முற்றத்திலா குற்றுவது?

பழைய_போர்மன்: தகரத்தைக் கழற்றி வெளியே கொண்டுபோய் அடிக்கலாம். இல்லாவிட்டால் ரிவிட் போடலாம். யோசிக்கத்தான் ஆளில்லை.

சம்மாந்துறை_மில்: குழிக்குள்தான். ஒரு கூடை உமி, மேலே மஞ்சள், உள்ளே தணல். நனைத்து, நீளப்பிடி மண்வெட்டியால் இழுத்து வெளியே பரப்பியாச்சு. கிளாம்ப் பக்கத்தில்தான் இருந்தது நானா. நன்றி.

கல்முனை_சேஃப்டி: தகரத்தின் பின்பக்கம், பெல்ட், மேல் தொட்டி எல்லாம் பார்த்தீர்களா? இரவுக்கு யார் நிற்கிறது?

கல்முனை_சேஃப்டி: தம்பி?