வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்த டாக்டர்கள்: சேலம், ஏற்காடு பக்கம் உங்கள் அனுபவம் என்ன?

நாகலூர்க்காரன்:
போன மழைக்காலத்தில் காப்பிக்காட்டில் களை எடுக்கும்போது அப்பாவுக்குக் கணுக்காலில் பாம்பு கடித்துவிட்டது. என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. பைக்கில் நடுவில் உட்கார வைத்து மலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூட்டி டாக்டருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். வாசலில் நின்ற ஒருவர், "இவரு கிர்கிஸ்தான்ல படிச்சவரு, நேரா சேலத்துக்கு இறக்கிடுங்க" என்று காதைக் கடித்தார். 20 கொண்டை ஊசி வளைவு, கொட்டுகிற மழை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டாக்டர் ஒரு டியூப் கேட்டார். நர்ஸ் அக்கா பிளாஸ்டிக்கில் ஒன்றை நீட்டினார். "இது வேண்டாம்க்கா, இதுல சரியா உறையாது. கண்ணாடி டியூப் குடுங்க. சோப்பு போட்டுக் கழுவினதும் வேண்டாம்." அலமாரி மூலையைத் துழாவிப் புதுசு ஒன்று எடுத்தார்கள். 2 மில்லி ரத்தம் எடுத்து, அசையாமல் நிற்க வைத்தார். 20 நிமிடம் யாரும் தொடக்கூடாது. அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன்: "சார், நீங்க எங்க படிச்சீங்க?"

அவர் கண்ணை எடுக்கவில்லை. "அத அப்புறம் சொல்றேண்ணே. மணி என்னன்னு பாத்துக்குங்க."

நேரம் ஆனதும் சாய்த்தார். ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது; விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றி, 108-ல் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்பா இப்போது மறுபடியும் காட்டுக்குப் போகிறார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

கொலுசுப் பட்டறை வீட்டம்மா, செவ்வாய்ப்பேட்டை:
தம்பி எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். என் மகன் 2018-ல் உக்ரைன் போனான். அவன் மார்க்குக்கு இங்கே அரசு சீட் இல்லை, தனியார் கல்லூரிக்குப் பட்டறையையே விற்றாலும் காணாது. நாலாவது வருஷத்தில் போர். கார்கிவில் நிலவறையில் ஆறு நாள். அப்புறம் ஜார்ஜியாவுக்கு மாறி 2024-ல் முடித்தான்.

வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வு முதல் தடவை போய்விட்டது. அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். "டாக்டர் தம்பி இருக்கானே" என்று இவனைத் தள்ளிவிட்டார்கள். நாடி பார்த்தான், காலைத் தூக்கி வைத்தான், அவர் கண் விழித்தார். மாத்திரை எழுதிக் கொடு என்று ஒரு சீட்டை நீட்டினார்கள். "எனக்கு இன்னும் பதிவு ஆகலீங்க மாமா, எழுதக்கூடாது" என்றான் எல்லார் முன்னாலும். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தான். இரண்டாவது தடவை தேறிவிட்டான். இப்போது இன்டர்ன்ஷிப் இடத்துக்குக் காத்திருக்கிறான்.

ஹவுஸ் சர்ஜன்:
நாகலூர் அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல டாக்டரை வைத்து எல்லோரையும் எடை போடாதீர்கள். 2024 ஜூன் தேர்வில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், தப்புக்கு மார்க் குறையாது. எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். கையில் வேலை தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

என்னோடு ஒரு அக்கா இன்டர்ன். கொரோனாவில் இரண்டு வருஷம் செல்போனில் வகுப்பு. முதல் நைட் டியூட்டியில் ஒரு பாட்டிக்கு வென்ஃப்ளான் (குளுக்கோஸ், மருந்து ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போடக் கை நடுங்கியது. மூன்று தடவை குத்தினார். பாட்டி, "பரவால்ல கண்ணு, மெதுவா போடு" என்றார். மூன்று வாரத்தில் எங்களைவிட வேகமாகப் போட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வாரம் ஆறு வருஷப் படிப்பிலேயே கிடைத்திருக்க வேண்டாமா? என் கோபம் அவர் மேல் இல்லை, அவரைப் பிள்ளைபிடிப்பது போலப் பிடித்து அனுப்பிய ஏஜென்டுகள் மேல்.

ஆத்தூர் வாத்தியார்:
என் மாணவி ஒருத்தி பிலிப்பைன்ஸில் சேர்ந்துவிட்டு வந்து அழுதாள். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் அனுப்பப்போகிற பெற்றோர் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டிருக்கிறது. மருத்துவப் படிப்பு மட்டும் குறைந்தது 54 மாதம், அதே வெளிநாட்டுக் கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப், இங்கே வந்து இன்னொரு 12 மாதம், எல்லாம் 10 வருஷத்துக்குள். ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அந்த நாட்டில் டாக்டராகத் தொழில் செய்யத் தகுதி தருகிற படிப்பாக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் நாலு வருஷ எம்.டி.க்கு (அங்கே டாக்டர் படிப்புக்கே அந்தப் பேர்) முன்னால் படிக்கிற பி.எஸ். என்ற அறிவியல் பட்டம் இந்த 54 மாதத்தில் சேராது, அவள் மாட்டியது இங்கேதான். நீட் தேறாமல் வெளிநாடு போனால் திரும்பி வந்து எஃப்எம்ஜிஇ பரீட்சையே எழுத முடியாது. இங்கே இன்டர்ன்ஷிப்புக்கும் 2022 சுற்றறிக்கைப்படி கல்லூரியின் மொத்த இடத்தில் 7.5 சதவீதம்தான் கூடுதலாகத் தரலாம். 100 இடம் உள்ள கல்லூரியில் ஏழெட்டுப் பேர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்டிடம் இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்.

நாகலூர்க்காரன்:
ஹவுஸ் சர்ஜன் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அன்று ராத்திரி எங்கள் மலையில் இருந்தது அவர் ஒருவர்தான். அப்பாவின் காப்பித்தூள் ஒரு கிலோ கட்டி எடுத்துக்கொண்டு போன மாதம் போனேன். மேற்படிப்புக்குப் போய்விட்டார் என்று நர்ஸ் அக்கா சொன்னார். அந்தக் கண்ணாடி டியூப்புகள் இப்போது தனி டப்பாவில் இருக்கின்றன, மூடி மேல் அவர் கையெழுத்தில் "சோப்பு போடக்கூடாது" என்று.