கியர்பாக்ஸ் இறக்க எந்த ஜாக்கி? பட்டவர்கள் சொல்லுங்கள்

தேரிக்காட்டு பொலிரோ:

வீடு திசையன்விளைப் பக்கம். பொலிரோவில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தும் மூன்று மாதம் ஓட்டினேன். மேட்டில் என்ஜின் அலறும், வண்டி நகராது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கிளட்ச் பிளேட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான் பாடு. சரி, நாமே பார்ப்போம் என்று மச்சினனைக் கூட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன். கையில் இருந்தது 3 டன் டிராலி ஜாக்கி. 3 டன் தூக்குவது ஒரு கியர்பாக்ஸைத் தாங்காதா என்பது என் கணக்கு.

கனத்தைத் தாங்கியது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜாக்கியின் தலை ஒரு டீத் தட்டு அளவுதான். கியர்பாக்ஸின் அடி சமமாகவா இருக்கிறது? முன்னால் கிளட்சை மூடுகிற பெல் ஹவுசிங் பானை மாதிரி, பின்னால் ஒல்லியாக வால். கடைசி போல்ட் கழன்றதும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

அப்புறம்தான் இன்னொன்று புரிந்தது. டிராலி ஜாக்கியின் கை நேராக ஏறி இறங்காது, வளைந்துதான் வரும். அதற்கு ஏற்ப ஜாக்கியே தரையில் உருண்டு கொடுக்க வேண்டும். எங்கள் முற்றமோ செந்தேரி மணல். சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. ஜாக்கி நகராததால் கியர்பாக்ஸ் இழுபட்டது. இன்புட் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து முன்னால் நீளும் தண்டு, இன்னும் பாதி கிளட்ச் பிளேட்டுக்குள். “அத்தான், தொங்குது, தொங்குது!” என்று அவன் கத்த, நான் முழங்காலை முட்டுக் கொடுத்துத் தாங்கினேன். காயம் ஆற பத்து நாள். கழற்றுகிற பிளேட் என்பதால் பரவாயில்லை. ஏற்றும்போது அப்படித் தொங்கவிட்டிருந்தால் புதுப் பிளேட்டின் நடுப்பகுதி கோணியிருக்கும்.

இப்போது பாக்ஸ் சாக்கின்மேல் கிடக்கிறது. ஏற்றுவதற்குத் தனி கியர்பாக்ஸ் ஜாக்கி வேண்டுமா, இருக்கிற ஜாக்கிக்குத் தட்டுப் போட்டால் போதுமா?

பாளை மாருதி:

என்னுடையது மாருதி 800. முன்சக்கர இழுவை, பாக்ஸ் என்ஜினுக்குப் பக்கத்தில் குறுக்கே இருக்கும், கனமும் குறைவு. டிராலி ஜாக்கியே போதும். என்ஜின் சரியாமல் இருக்க அதன் சம்புக்கு (அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) கீழே பலகை வைத்து இன்னொரு ஜாக்கி கொடுத்தேன். பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டை உருவும் முன் ஆயிலை வடிக்க மறந்து தலைக்கு எண்ணெய்க் குளியல் ஆனது தனிக் கதை.

நான் மாட்டிக்கொண்டது உயரத்தில். பாக்ஸை அழகாக இறக்கிவிட்டேன், ஜாக்கியோடு வெளியே இழுத்தால் பம்பரில் இடிக்கிறது! கடைசியில் சாக்கில் புரட்டிப் போட்டு இழுத்தேன். ஜாக்கி முழுதாக இறங்கியபின் எவ்வளவு உயரம், அதன்மேல் பாக்ஸ் எவ்வளவு என்று டேப் வைத்துக் கூட்டிப் பாருங்கள். வண்டி அதற்கு மேல் நிற்க வேண்டும்.

அம்பை ஒர்க்‌ஷாப்:

அண்ணாச்சி, ஜாக்கியில் டன்னைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஜாக்கியில் ரெண்டு வகை உண்டு. தூண் மாதிரி நெட்டையாக நிற்பது லிஃப்ட்டோ குழியோ இருக்கிற இடத்துக்கு. வீட்டுக்கு அது ஆகாது. நாலு சக்கரத்தில் தரையோடு படுத்திருக்கிறதே, அதுதான் உங்களுக்கு. தட்டு முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய வேண்டும், கட்ட சங்கிலி இருக்க வேண்டும். இறக்குவதைவிட ஏற்றும்போதுதான் அதன் அருமை தெரியும். பின்னால் தாங்கல் இல்லாததால் என்ஜின் வால் தாழ்ந்து நிற்கும். பாக்ஸும் அதே சாய்வில் போனால்தான் ஷாஃப்ட் நுழையும். நுழையவில்லை என்று போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பெல் ஹவுசிங்கில் போல்ட் மாட்டும் காது உடைகிறது.

வாங்கும் முன் ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டையை ஏற்றி, ஜாக்கியை இறக்கும் வால்வை மெல்லத் திறந்து பாருங்கள். பொத்தென்று விழுந்தால் வேண்டாம். டிராலி ஜாக்கிக்குத் தட்டுப் போடலாம், ஆனால் ஆட்டம் இல்லாமல் உட்கார வேண்டும். மணலில் தடித்த பிளைவுட் விரியுங்கள். கடப்பாக்கல் போட்டவர் ஒருவருக்கு அது நடுவில் விண்டுபோய்ப் பாக்ஸ் கவிழ்ந்தது. வண்டி ஜாக்கி ஸ்டாண்டில்தான் (இரும்பு முட்டுக்காலில்) நிற்க வேண்டும், செங்கல் அடுக்கிலோ ஹாலோ பிளாக்கிலோ கூடவே கூடாது.

பழைய ஜீப்புக்கு நாங்கள் கியர் ராடு ஓட்டை வழியாகச் சங்கிலி விட்டு, உள்ளே குறுக்கே கம்பி போட்டு இறக்குவோம். உங்கள் வண்டிக்கும் அது காவலுக்கு ஆகும். ஒரு தடவை வேலைக்கு ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள்.

தேரிக்காட்டு பொலிரோ:

வாடகைக்குத்தான் எடுத்தேன். பிளைவுட் இல்லை, தொழுவத்தில் கிடந்த பழைய கதவை விரித்தோம். சாய்வைச் சரிபார்க்கவே முக்கால் மணி நேரம். அதன்பின் ஒரே தள்ளில் ஷாஃப்ட் உள்ளே போனது, போல்ட்டெல்லாம் கையாலேயே ஏறியது. மச்சினன் வண்டியை எடுத்து ஒரு சுற்று சுற்றலாம் என்கிறான்.

பாளை மாருதி:

கியர் ஆயில் ஊற்றினீர்களா?

தேரிக்காட்டு பொலிரோ:

ஐயோ. சாவியைப் பிடுங்கிவிட்டு வருகிறேன்.